உயிரா, வாழ்வா, பிழைப்பா?

நான்கெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று. அதற்கு என்ன பொருள் என்பதில் உச்ச நீதிமன்றம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மனதை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் யாரோ ஒருவரின் வீடோ, வேலையோ, விடுதலையோ பணயமாக இருந்தது.

ஆங்கிலத்தில் 'லைஃப்' என்பது நான்கே எழுத்து. பள்ளியில் சேர்ந்த சில மாதங்களிலேயே குழந்தைகள் கற்றுக்கொண்டுவிடும் சொல். ஆனால் அதைத் தமிழில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: எந்த லைஃப்?

கப்பலில் தொங்கும் படகோடு சேர்ந்து வந்தால் அது உயிர். இன்ஷூரன்ஸ் பாலிசியில் வந்தால் ஆயுள். கிராம வாழ்க்கை, மண வாழ்க்கை என்னும்போது வாழ்க்கை. பெரிய மனிதர் ஒருவரின் பெயருக்கு முன்னால் புத்தக அட்டையில் வந்தால் வரலாறு, உ.வே.சாமிநாதையர் தம்முடைய வாழ்க்கையை எழுதியபோது அதற்கு 'என் சரித்திரம்' என்றே பெயர் வைத்தார். பாட்டரி விஷயத்தில் அது உழைக்கும் காலம். கூட்டம் களை கட்டவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானாலும் இதே லைஃப்தான் வந்து நிற்கும்.

அகராதியில் இதெல்லாம் சுவாரஸ்யம். சட்டப் புத்தகத்தில் அப்படி இல்லை. அங்கே ஒரு சொல்லின் பொருள் சற்று நகர்ந்தால் அதனோடு மனிதர்களும் நகர வேண்டியிருக்கிறது. சில சமயம் வீட்டை விட்டு, சில சமயம் சிறையை விட்டு.

அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு ஆங்கிலத்தில் மொத்தம் 18 சொற்கள். எட்டாவது சொல் லைஃப். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய 'லைஃப்'பையும், தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பதுதான் பிரிவின் சாரம். அங்கே லைஃப் என்றால் உயிரா, வாழ்வா?

தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ஒருவர் 'உயிர் வாழும் உரிமை' என்பார். இன்னொருவர் 'வாழ்வுரிமை' என்பார். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சாதாரணமானதல்ல. உயிரைப் பறிப்பது என்றால் கொலை அல்லது தூக்கு. வாழ்வைப் பறிப்பது என்றால் வீட்டை இடிப்பதும், வேலையைப் பிடுங்குவதும், குடிநீரில் சாயக் கழிவைக் கலப்பதும்கூட அதில் வந்துவிடும். ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பில் ஓர் உரிமையின் எல்லையே அடங்கியிருக்கிறது.

இந்திக்காரர்கள் இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. 1987ல் 58வது திருத்தம் அரசியல் சட்டத்தின் இந்தி வடிவத்துக்கு அதிகாரபூர்வமான அந்தஸ்து தந்தது. அந்த வடிவத்தில் 21வது பிரிவில் இருப்பது 'பிராண்'. நம் ஊர் பிராணன்தான். போனால் திரும்பாத மூச்சு. 'தனிமனித' என்பதற்கு அங்கே இருப்பது 'தைஹிக்', அதாவது தேகம் சார்ந்தது. ஆக, இந்தியில் படித்தால் அந்தப் பிரிவு காப்பது பிராணனையும் தேக சுதந்திரத்தையும். உயிரும் மெய்யும். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் இந்தியில் வேறு சொல் இல்லாமல் இல்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் இந்திப் பெயரில் இருப்பது 'ஜீவன்'. ஆயுள் தண்டனை என்பது 'ஆஜீவன் காராவாஸ்'. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் தாங்கள் இன்னும் இருப்பதை நிரூபிக்க 2014ல் மத்திய அரசு கொண்டு வந்த மின்னணுச் சான்றிதழின் பெயர் 'ஜீவன் பிரமாண்'. எங்கும் ஜீவன், 21வது பிரிவில் மட்டும் பிராண்.

முதலில் சுருங்கிய சொல்

அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்ததும் ஏறக்குறைய பிராணன்தான் என்று வாதாட முடியும். அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகரான பி.என்.ராவ் 1947ல் அமெரிக்கா சென்று அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். சட்டங்கள் நியாயமானவையா என்று எடை போடும் அதிகாரத்தை நீதிபதிகளிடம் கொடுத்தால் மக்கள் சபைகளின் கை கட்டப்பட்டுவிடும் என்பது ஃபிராங்க்ஃபர்ட்டரின் கருத்து. அமெரிக்க வாசகம் கைவிடப்பட்டது. ஜப்பானிய அரசியல் சட்டத்திலிருந்து 'சட்டம் வகுத்த நடைமுறை' என்ற வாசகம் வந்தது.

அதன் பலனை முதலில் அனுபவித்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன். சென்னை மாகாண அரசு தடுப்புக் காவல் சட்டத்தில் தம்மைச் சிறை வைத்ததை எதிர்த்து அவர் வழக்குத் தொடுத்தார். 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும்; அது நியாயமானதா என்று 21வது பிரிவு கேட்காது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி ஃபசல் அலி மட்டும் பிரதானமாக மாறுபட்டார்.

1962ல் சிறு அசைவு. உத்தரப் பிரதேசத்தில் ஒருவரைக் கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். சாட்சியம் இல்லாததால் விட்டுவிட்டார்கள். ஆனால் போலீசார் அவர் பெயரில் ஒரு ஃபைல் திறந்து, இரவில் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1877ஆம் ஆண்டின் அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றைப் புரட்டியது. அது சிகாகோ நகரத் தானியக் கிடங்குகளின் கட்டணம் பற்றிய வழக்கு. அதில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஃபீல்ட், லைஃப் என்றால் விலங்குபோல வெறுமனே உயிரோடு இருப்பது மட்டுமல்ல என்று சொல்லியிருந்தார். கையையோ காலையோ வெட்டுவதும் கண்ணைப் பிடுங்குவதும்கூட லைஃபைப் பறிப்பதுதான் என்பது அவர் விளக்கம். இந்திய நீதிபதிகள் அதை எடுத்தாண்டு, இரவில் வீடு புகும் போலீஸ் விதியை ரத்து செய்தார்கள். தானியக் கிடங்கு வழக்கில் தோற்றுப்போன ஒரு கருத்து 85 ஆண்டுகள் கழித்து இந்தியாவில் முளைத்தது.

ஆனால் 1976 ஏப்ரல் 28 அன்று சொல் மறுபடி சுருங்கியது. இருப்பதிலேயே மிகச் சிறிய அளவுக்கு. நெருக்கடி நிலையில் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியுமா என்பது கேள்வி. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் 'முடியும்' என்றிருந்தன. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர்.கன்னா அரசுத் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் ஒன்று கேட்டார்: ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால் அப்போதும் பரிகாரம் கிடையாதா? தம் வாதத்தின்படி, நெருக்கடி நிலை நீடிக்கும் வரை கிடையாது என்பதே டேயின் பதில். அங்கே வாழ்வு, வாழ்க்கை எல்லாம் பேச்சே இல்லை. பிராணனுக்கே பாதுகாப்பு இல்லை. நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். 1977 ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்குப் பின்னால் இருந்த எம்.எச்.பெக்குக்குப் போயிற்று.

அந்த நால்வரில் இருவர் ஒய்.வி.சந்திரசூட், பி.என்.பகவதி. அடுத்த பத்தாண்டுகளில் இதே சொல்லை அதிகம் விரித்ததும் அவர்கள் இருவரின் பேனாக்களே.

பிழைக்கப் போனவர்

1978ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், நடைமுறை என்று ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பூட்டியிருந்த கதவு திறந்தது. 1981 ஜனவரியில் டெல்லி திகார் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த பிரிட்டிஷ் பெண் ஒருவர், தம் சிறு மகளையும் வழக்கறிஞரையும் பார்க்க விதித்த கட்டுப்பாடுகளை எதிர்த்தார். நீதிபதி பகவதி அந்தத் தீர்ப்பில் லைஃப் என்பதற்கு மானத்தோடு வாழ்வது என்று பொருள் சொன்னார். போதிய உணவு, உடை, தலைக்கு மேல் கூரை, படிக்க, எழுத, கருத்தைச் சொல்ல வசதி: எல்லாம் அதில் அடக்கம் என்றார்.

அதே ஆண்டு ஜூலையில் மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர்.அந்துலே பம்பாய் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். இடிக்கப்பட்ட குடிசைகளில் ஒன்று சேலத்துக்காரர் ஒருவருடையது. நிலமில்லாத விவசாயக் கூலி. வறட்சியில் வேலை போய் 1961ல் பம்பாய் வந்தவர். ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் நாள் கூலிக்கு வேலை; நெடுஞ்சாலை ஓர நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட் போட்ட இருப்பிடம். குடும்பத்தோடு அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் மறுபடி பம்பாய்க்கே வந்தார், மறுபடி நடைபாதைக்கே. ஊரில் உயிர் இருக்கும், பிழைப்பு இருக்காது.

பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரால் அறியப்படும் வழக்கில் அந்தச் சேலத்துக்காரரும் ஒரு மனுதாரர். நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியை ஒரு வரியில் சொல்லலாம்: லைஃப் என்ற சொல்லுக்குள் பிழைப்பு அடங்குமா? 1960ல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றமே 'அடங்காது' என்று சொல்லியிருந்தது.

ஆங்கிலத்தில் வாழ்வும் பிழைப்பும் இரண்டு சொற்கள். நீதிபதிகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. தமிழில் கேட்டிருந்தால் வேலை சுலபம். சாவிலிருந்து தப்பினாலும் 'பிழைத்தான்' என்கிறோம். சம்பாதித்து வயிறு வளர்க்கப் போனாலும் 'பிழைக்கப் போனான்' என்கிறோம். ஒரே வினை. ஜீவன் என்றால் உயிர், ஜீவனம் என்றால் வயிற்றுப்பாடு. இடையில் ஓர் எழுத்துதான். தெலுங்கின் 'பிரதுகு', கன்னடத்தின் 'பதுகு' ஆகியவற்றிலும் உயிரும் பிழைப்பும் ஒட்டியே கிடக்கின்றன. சோற்றுக்கு வழியில்லாவிட்டால் உயிர் நிற்காது என்பது இந்த மொழிகளைப் பேசியவர்களுக்குத் தீர்ப்பு வருவதற்கு முன்பே தெரிந்த சங்கதி.

1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகளுக்காகத் தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பும் அங்கேதான் வந்து சேர்ந்தது. ஒருவரின் லைஃபைப் பறிக்க மிகச் சுலபமான வழி அவர் பிழைப்பைப் பறிப்பதுதான்; எனவே பிழைப்பு அதன் பகுதியே என்றார். பிழைப்புக்குப் போதிய வழி செய்ய அரசு முயல வேண்டும் என்னும் அரசியல் சட்டத்தின் 39வது பிரிவையும் துணைக்கு அழைத்தார்.

சொல் ஜெயித்தது. வழக்குப் போட்டவர்கள்? நடைபாதை நடப்பதற்கு என்று அதே தீர்ப்பு சொன்னது. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். மழைக்காலம் கருதி 1985 அக்டோபர் 31 வரை மட்டும் காத்திருங்கள் என்றது. 1976ல் கணக்கெடுத்து அடையாள அட்டை தரப்பட்டவர்களுக்கு மாற்று இடம். மற்றவர்களுக்கு மாற்று இடம் கட்டாயமில்லை. சட்டக் கல்லூரிகளில் வெற்றியாகப் படிக்கப்படும் தீர்ப்பு இது. நடைபாதையில் படித்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

விரிந்துகொண்டே போனது

அதன் பிறகு லைஃப் நீண்ட பட்டியல் ஆயிற்று. விபத்தில் அடிபட்டவருக்கு எந்த மருத்துவரும் உடனடி சிகிச்சை தர வேண்டும் (1989). மாசில்லாத நீரும் காற்றும் (1991). கல்வி (1992, 1993). மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த தொழிலாளி ஒருவரைப் படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அது 21வது பிரிவை மீறியது என்று 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பரில் பிறந்த உத்தரவுதான் நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டுக்கு அது புதிதல்ல.

லைஃபுக்குள் சாவும் அடங்குமா என்ற விசித்திரக் கேள்வியும் வந்தது. 1994ல் இரு நீதிபதிகள் 'சாகவும் உரிமை உண்டு' என்றார்கள். 1996ல் ஐந்து நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். 2018ல் இன்னொரு ஐவர், மீள முடியாத நோயாளி சிகிச்சையை மறுத்து மானத்தோடு இறப்பது வாழ்வின் பகுதியே என்றார்கள். 2014ல் ஜல்லிக்கட்டைத் தடை செய்த தீர்ப்பு லைஃப் என்பதில் விலங்குகளையும் சேர்த்தது. 2023 மே மாதம் தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுச் சட்டத்தை ஏற்ற ஐந்து நீதிபதிகள், விலங்குகளுக்கு அடிப்படை உரிமை என்ற அளவுக்குப் போக மறுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் வீட்டுக்குள் நடந்த மாற்றம் ஒன்று உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தவறென்று தள்ளினார்கள். அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியை எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட். 1976ல் அரசின் பக்கம் நின்றவர்களில் ஒருவரான ஒய்.வி.சந்திரசூட்டின் மகன்.

ஆயுள் எத்தனை ஆண்டு?

தண்டனைச் சட்டத்தில் நேர்மாறான கதை. அங்கே இதே சொல் விரிய விரியக் கைதிக்குக் கஷ்டம். முன்பு இருந்த தீவாந்தர சிட்சையை எடுத்துவிட்டு 1956 ஜனவரி 1 முதல் சட்டம் ஆயுள் தண்டனை என்று எழுதியது. ஆயுள் என்றால் 14 ஆண்டு என்று ஊரில் எல்லாரும் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆயுள் என்றால் மிச்சமிருக்கும் ஆயுள் முழுவதும் என்று 1961லேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 14 ஆண்டு வந்தது 1978 திருத்தத்தில்: கடுமையான குற்றங்களில் அரசு தண்டனையைக் குறைத்து விடுதலை செய்வதானாலும் குறைந்தது 14 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். அது ஆயுளின் அளவல்ல. விடுதலைக்கு முன்னால் உள்ள குறைந்தபட்சக் காத்திருப்பு.

இருந்தும் குழப்பம் தீரவில்லை. 2013ல் பாலியல் குற்றச் சட்டத்தைத் திருத்தியபோது, சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை என்றால் 'இயற்கையான ஆயுளின் மீதி முழுவதும்' என்று நாடாளுமன்றமே விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளின் விடுதலை தொடர்பாக 2015 டிசம்பரில் வந்த தீர்ப்பும் ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும்தான் என்றது.

ஆக, ஒரே சொல். 21வது பிரிவில் வாழ்வு. தண்டனைச் சட்டத்தில் ஆயுள். இந்தி வடிவத்தில் பிராணன். கடலைத் தாண்டினால் வேறு ஒன்று: அமெரிக்காவில் 'லைஃப் உரிமை' என்று கோஷம் எழுப்பினால் அது கருக்கலைப்பை எதிர்க்கும் கோஷம், அங்கே அந்தச் சொல் கருவில் இருக்கும் உயிரைக் குறிக்கிறது. 1973 முதல் அங்கே இருந்த கருக்கலைப்பு உரிமையை 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே எடுத்துவிட்டது. நீதிபதிகள் ஒரு சொல்லுக்குள் வைத்ததை நீதிபதிகளே எடுக்கவும் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1976 நமக்கும் அதைக் காட்டியிருக்கிறது. அதனால்தான் 44வது திருத்தத்தில், நெருக்கடி நிலையிலும் 21வது பிரிவை நிறுத்தி வைக்க முடியாது என்று எழுதி வைத்தார்கள். கல்வி உரிமையும் தீர்ப்போடு நிற்கவில்லை; 2002ல் 21ஏ என்று தனிப் பிரிவாயிற்று. நீதிபதி சொல்லுக்குச் சொன்ன பொருளைவிட நாடாளுமன்றம் எழுதி வைத்த சொல் கொஞ்சம் கெட்டியானது.

இப்போது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் கணினி மென்பொருளின் உதவியோடு தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்க்கிறார்கள். லைஃப் என்று வருமிடமெல்லாம் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் மனிதரும் தேர்ந்தெடுக்க வேண்டும். 'உயிர்' என்று போட்டால் படிக்கிறவர் 1950க்குப் போய்விடுவார். 'வாழ்வு' என்று போட்டால் 1985க்கு வருவார். தம் வீட்டை இடிக்க வந்த அதிகாரியிடம் எதைக் காட்டிப் பேசலாம் என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

2024 நவம்பர் 13 அன்று புல்டோசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் பேசியது. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவர் வீட்டை இடிப்பது சட்டவிரோதம். தலைக்கு மேல் கூரை 21வது பிரிவில் அடங்கிய உரிமை. இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும். மீறினால் அதிகாரியே கைப்பணத்தில் ஈடு கட்ட வேண்டும். 1985ல் நோட்டீஸ் கொடுங்கள் என்று சொன்ன தீர்ப்பின் நேர் வாரிசு இது.

ஆனால் அதே உத்தரவில் ஒரு விலக்கும் உண்டு. சாலை, தெரு, ரயில் பாதை ஓரம், நீர்நிலை போன்ற பொது இடங்களில் அனுமதியின்றி எழுந்தவற்றுக்கு இந்த விதிகள் பொருந்தாது. அந்தப் பட்டியலில் நடைபாதையும் இருக்கிறது.